கொள்ளிடம் மணலுக்குத் தோற்காத வாட்ச் கண்ணாடி எது? பதில் ஒரு தமிழ்ச் சொல்லில் இருக்கிறது!

கொள்ளிடத்தில் குளித்துவிட்டுக் கரையேறுபவர் முதலில் என்ன செய்வார்? சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த வாட்ச்சை எடுப்பார். அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் மணலைத் துண்டு முனையால் அழுத்தி ஒரு துடை துடைப்பார். கையில் கட்டுவார். மறுநாள் வெயிலில் மணி பார்க்கும்போதுதான் கண்ணாடியில் தலைமுடி மாதிரி நாலைந்து கோடுகள் தெரியும்.

அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியத்தில் கொள்ளிடக் கரைப்பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. இந்த வட்டாரத்தில் வாட்ச்சில் கீறல் விழுந்தால் பழி விழுவது பெரும்பாலும் சிமென்ட் ஆலைகள் மேல்தான். சுண்ணாம்புக்கல் லாரி போகும், புழுதி பறக்கும், கண்ணாடி கெடும் என்பது கணக்கு. ஆனால், இந்தக் கேஸில் சுண்ணாம்புப் புழுதி நிரபராதி. குற்றவாளி, பார்க்கப் பளபளவென்று அப்பாவியாக இருக்கும் ஆற்றுமணல்.

அப்பா விட்டுப்போன எச்.எம்.டி, துபாயில் இருந்து மச்சான் வாங்கி வந்த ரேடோ, முதல் சம்பளத்தில் வாங்கிய டைட்டன்... கையில் கட்டுவது எதுவாக இருந்தாலும் அதில் பணத்தைவிட மனசு அதிகம். அதன் முகத்தில் கோடு விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். அதனால்தான் 'கீறலே விழாத கண்ணாடி சார்' என்று கடைக்காரர் சொன்னதும் பர்ஸ் தானாகத் திறக்கிறது. திறப்பதற்கு முன் கொஞ்சம் கல் பாடம் படித்துவிடலாம்.

நம்ம ஊர்க் கற்களை வைத்தே ஒரு ஏணி

எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்பதை 1812-ல் ஜெர்மானிய கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் ஒரு வரிசையாக அடுக்கினார். 1 என்றால் மிக மென்மையான மாக்கல் வகை. 10 என்றால் வைரம். மேல்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதைக் கீறும். அவ்வளவுதான் விதி.

இந்த ஏணியின் படிகளைத் தேடி ஜெர்மனிக்குப் போக வேண்டாம். பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம் செம்மண் ஓடைப் பள்ளங்களில் தகடு தகடாகக் கிடக்குமே ஜிப்சம், அது 2. நகத்தாலேயே கீறலாம். அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லின் மூலப்பொருளான கால்சைட் 3. சாதாரண ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5. வீட்டுக் கத்தியும் கிட்டத்தட்ட அதே படிதான். கொள்ளிடம் மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7.

இப்போது கேஸ் தெளிவாகிவிட்டது. 3-ல் இருக்கும் சுண்ணாம்புத் தூசு 5.5-ல் இருக்கும் கண்ணாடியை ஒன்றும் செய்ய முடியாது. 7-ல் இருக்கும் மணல் துகள் தாராளமாகக் கீறும். தெருப்புழுதி, சிமென்ட் பூசிய சுவர், கிரானைட் மேடை, பைக் டேங்க் மேல் படிந்த தூசு என்று எல்லாவற்றிலும் இந்த குவார்ட்ஸ் இருக்கிறது. துண்டால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஊதிவிட வேண்டும். தண்ணீர் புகாத வாட்ச் என்றால் கழுவிவிட்டு அப்புறம் துடைக்க வேண்டும்.

ஆக, வாட்ச் கண்ணாடிக்கு வைக்கவேண்டிய பரீட்சை ஒன்றே ஒன்றுதான். 7-ஐத் தாண்டுமா, தாண்டாதா?

தோற்றாலும் பிழைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக்

அந்தப் பரீட்சையில் படுதோல்வி அடைவது அக்ரிலிக். பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக். எச்.எம்.டி ஜனதா, கோஹினூர், பைலட் என்று ஒரு தலைமுறையே கட்டிய வாட்ச்களின் முகம் இதுதான். சாவிக்கொத்து உரசினாலே கோடு விழும்.

ஆனாலும் இதை லேசாக எடைபோட வேண்டாம். 1969-ல் நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் கையில் இருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முகமும் அக்ரிலிக்தான். காரணம் எளிது. அடிபட்டால் விரிசல் விடுமே தவிர, தூள் தூளாகச் சிதறாது. எடையற்ற விண்கலத்துக்குள் கண்ணாடிச் சில் மிதந்தால், அது மூச்சில் போகும், கண்ணில் போகும்.

இன்னொரு சௌகரியம், கீறல் விழுந்தால் வீட்டிலேயே தேய்த்து எடுத்துவிடலாம். ஜெல் வகை வேண்டாம், வெள்ளை டூத் பேஸ்ட் ஒரு பொட்டு, பழைய பனியன் துணி, ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்ப்பு. பேஸ்ட்டில் இருக்கும் நுண்ணிய துகள்கள் பிளாஸ்டிக்கின் மேல்தோலைச் சமன் செய்துவிடும். ஆழமான வெட்டுக்கு இது பலிக்காது. நிஜக் கண்ணாடி வாட்ச்சில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு வாட்ச்சில் புதினா வாசனை வரும், வேறொன்றும் நடக்காது.

பஸ் சீட்டும் பலமான கண்ணாடியும்

இரண்டாவது வகை, கடைகளில் 'மினரல் கிளாஸ்' என்று சொல்லப்படுவது. அடிப்படையில் இது ஜன்னல் கண்ணாடியின் சொந்தக்காரர். நாம் வாங்கும் நடுத்தர விலை வாட்ச்களில் பெரும்பாலானவை இதுதான். சீக்கோ நிறுவனம் கடினமாக்கிய மினரல் கண்ணாடியை 'ஹார்ட்லெக்ஸ்' என்ற பெயரில் விற்கிறது.

இதை பலப்படுத்த ஒரு வேதியியல் வித்தை உண்டு. உருக்கிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை மூழ்க வைப்பார்கள். கண்ணாடியின் மேல்தோலில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் உட்காரும். திருமானூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஒல்லியானவர் எழுந்துபோய், அங்கே குண்டானவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவர்கள் நெருக்கிப்பிடித்து அசையாமல் இருப்பார்கள் அல்லவா... அந்த நெருக்கம்தான் கண்ணாடிக்குப் பலம். விரிசல் சுலபத்தில் விரியாது.

2007-ல் முதல் ஐபோனோடு பிரபலமான கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் இப்படி உருவானதுதான். ஆப்பிள் வாட்ச்சின் அலுமினிய மாடல்களில் வரும் 'அயன் எக்ஸ்' கண்ணாடியும் இதே குடும்பம். கைப்பேசிக்கு இது அருமை, கீழே விழுந்தால் தாங்கும். ஆனால், மணல் பரீட்சையில் இதற்கும் தேர்ச்சி கிடையாது. பலம் வேறு, கடினம் வேறு. உடையாமல் இருப்பதும் கீறாமல் இருப்பதும் இரண்டு தனித்தனி குணங்கள். கடைகளில் ஏமாறுபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அகராதி தந்த ஊரும், அகராதிக்குப் போன சொல்லும்

மணலை ஜெயிக்கும் கண்ணாடி, சஃபையர். வேதியியலில் இது சுத்தமான அலுமினியம் ஆக்சைடின் ஒற்றைப் படிகம். கனிமவியலில் இதன் பெயர் 'கொரண்டம்'. மோஸ் ஏணியில் 9.

கொரண்டம் என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகளைப் புரட்டினால், அவை கைகாட்டுவது தமிழை. நம்முடைய 'குருந்தம்'தான் கடல் கடந்து கொரண்டம் ஆனது. குருந்தம் என்றால் நமக்குக் குருந்த மரமும் நினைவுக்கு வரும். இது குருந்தக்கல். அதைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்து, அதில் மற்ற கற்களைப் பட்டை தீட்டியவர்கள் இந்தியக் கைவினைஞர்கள். அந்தக் கல்லும் பெயரும் ஐரோப்பியர்களை எவ்வளவு ஈர்த்தன என்றால், 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், ஆசியாவில் இருந்து வந்த கொரண்டம் கல்லைப் பற்றி சார்லஸ் கிரெவில் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஏலாக்குறிச்சிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் ருசி. அகரவரிசையில் சொற்களை அடுக்கி 1732-ல் சதுரகராதியைத் தந்த வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் இது. இத்தாலியில் இருந்து வந்தவர் தமிழ்ச் சொற்களை அகராதி ஆக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் தமிழ்ச் சொல் ஒன்று ஐரோப்பிய அகராதிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கல்லும் வெகுதூரத்தில் இல்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குருந்தக்கல்லுக்குப் புவியியலாளர்களிடம் பல காலமாகப் பெயர்பெற்ற இடம். சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்ததே, அதற்கான அனார்த்தசைட் பாறை எடுக்கப்பட்டது இந்தச் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில்தான்.

ஒரு சந்தேகம் இங்கே எழும். சஃபையர் என்றால் நீலக்கல் ஆச்சே, நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா? குருந்தத்தில் இரும்பும் டைட்டானியமும் துளி சேர்ந்தால் நீலம். குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். எதுவும் சேராவிட்டால் தண்ணீர் போலத் தெளிவு. வாட்ச் முகத்தில் இருப்பது அந்தத் தெளிந்த வகை. அதுவும் உலையில் வளர்த்தது. ஜோசியரிடம் கேட்காமலேயே கட்டிக்கொள்ளலாம்.

உலையில் வளரும் கல்

பூமியில் கிடைக்கும் குருந்தக்கல்லில் வாட்ச் அளவுக்குக் குறையில்லாத தெளிவான தகடு வெட்டுவது கட்டுப்படியாகாது. வழி திறந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னூய். அலுமினாப் பொடியைச் சுடரின் வழியாகத் தூவி, உருகிய துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உறையவிட்டு மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் அறிவித்தார். அலுமினா உருகுவதற்கு 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். பிறகு, உருகிய குழம்பில் இருந்து பெரிய பாளமாகவே படிகத்தை வளர்க்கும் முறைகள் வந்தன. அந்தப் பாளத்தை வைரத்தூள் பதித்த ரம்பத்தால் சீவி, வைரத்தூளாலேயே மெருகேற்றினால் ஒரு வாட்ச் கண்ணாடி. 9-ஐ வெட்ட 10 வேண்டுமே. விலை ஏறுவது இந்த வேலையில்தான்.

1962-ல் ரேடோ நிறுவனம் 'டயாஸ்டார்' மாடலில் சஃபையர் கண்ணாடியையும் கடின உலோகத்தையும் சேர்த்து, கீறலே விழாத வாட்ச் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. வளைகுடாவில் இருந்து திரும்புகிறவர் கையில் ரேடோ மின்னினால் ஊரே திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அப்போது ஆடம்பரமாக இருந்த சஃபையர் இன்று நம் ஓசூர் டைட்டனின் 'எட்ஜ்' வரிசை வரை இறங்கி வந்திருக்கிறது. இதற்கு ஒரு காரணம் நம் வீட்டு எல்.இ.டி பல்பு. பல்புக்குள் இருக்கும் சிப்பை பெரும்பாலும் சஃபையர் தகட்டின் மேல்தான் வளர்க்கிறார்கள். பல்புக்காக உலைகள் பெருகின, வாட்ச்சுக்கும் லாபம்.

சஃபையருக்கும் குறை உண்டு. கீறாது என்றால் உடையாது என்று அர்த்தம் இல்லை. வளைந்து கொடுக்கத் தெரியாத கல் அது. டைல்ஸ் தரையில் விளிம்பு பட விழுந்தால் நொறுங்கலாம், சில் உள்ளே விழுந்து டயலையும் முள்ளையும் கெடுக்கலாம். அதோடு, சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால், சஃபையர் ஏறத்தாழ 8 சதவிகிதம் அடிக்கும். வெயிலில் மணி பார்க்கச் சிரமம். அதனால்தான் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் அதில் கீறல் விழும். 'சஃபையரில் கீறல் விழுந்துவிட்டது' என்று வரும் புகார்களில் சில, பூச்சில் விழுந்த கோடுகளாக இருக்கும். வைர மோதிரமும், பட்டறையில் சுழலும் சாணைக்கல்லும் மட்டும் சஃபையரையே பதம் பார்க்கும்.

7-ஐத் தாண்டிய மற்ற போட்டியாளர்கள்

கொள்ளிடம் மணலை ஜெயிக்க 9 எதற்கு, 8 போதுமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அந்தப் படியில் ஸ்பைனல் இருக்கிறது. மக்னீசியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். பிரிட்டிஷ் மணிமுடியில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர் வாங்கிய சிவப்புக் கல்கூட உண்மையில் ஸ்பைனல்தான்.

ஸ்பைனலிடம் சஃபையருக்கு இல்லாத ஒரு திறமை உண்டு. டி.வி.எஸ் 50 வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்குமே, அதுவும் அலுமினியம் ஆக்சைடுதான். சஃபையரும் அதுவும் ஒரே பொருள். ஒன்று கண்ணாடிபோலத் தெரிகிறது, இன்னொன்று பீங்கான்போல வெள்ளையாக இருக்கிறது. ஏன்? சஃபையர் படிகத்தில் வெளிச்சம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைவதில்லை. பொடியை அச்சில் அழுத்திச் சுட்டால், லட்சக்கணக்கான குட்டிப் படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு எல்லையிலும் சிதறி, வெள்ளையாகிவிடும். அதனால்தான் ஒற்றைப் படிகமாக வளர்த்து வெட்டும் தலைவேதனை.

ஸ்பைனலில் எந்தத் திசையிலும் வெளிச்சம் ஒரே மாதிரிதான் போகும். எனவே பொடியை அச்சில் போட்டு அழுத்தி, துளி காற்று இல்லாமல் சுட்டெடுத்தால் தெளிவான தகடு கிடைக்கும். வளைந்த வடிவம் வேண்டுமா, அச்சை வளைத்தால் போதும். இதே குணமுள்ள இன்னொன்று அலுமினியம் ஆக்சிநைட்ரைடு. சுருக்கமாக 'அலான்'. கடினத்தில் ஸ்பைனலுக்கும் சஃபையருக்கும் நடுவில் நிற்கிறது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் ஜன்னல்களுக்காக உருவானது. இரண்டும் ராணுவக் கருவிகளில் பேர் வாங்கியவை. துளி காற்றுக்குமிழிகூட இல்லாமல் சுட்டெடுப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதால், வாட்ச் கடை ஷோகேஸுக்கு இவை பரவலாக வரவில்லை. மலிவாக வளர்ந்து நிற்கும் சஃபையரோடு விலையில் மோத வேண்டும் அல்லவா?

பக்கத்து திருச்சிக்காரர்கள் 'நம்ம ஊரு செயற்கை வைரம் ஆகாதா?' என்று கேட்கலாம். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் எத்தனையோ குடும்பங்கள் பட்டை தீட்டி வாழ்ந்த கல், அமெரிக்கன் டைமண்ட் என்கிற கியூபிக் சிர்கோனியா. கடினம் 8-க்கு மேல், மணலை ஜெயிக்கும். ஆனால், மூக்குத்தியில் இருந்தால் எது அழகோ, அதுதான் வாட்ச் முகத்தில் இடைஞ்சல். ஒரு பரப்பில் மட்டும் சுமார் 13 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மணி தெரியாது, முகம்தான் தெரியும். எடையும் கண்ணாடியைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

கடைசியில் வைரம். ஆய்வகத்தில் தகடாகவே இன்று வளர்க்க முடிகிறது. அந்தத் தொழில்நுட்பத்தை உள்நாட்டில் வளர்க்க, சென்னை ஐ.ஐ.டி-யில் மையம் அமைக்க 5 ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் என்று 2023-ல் மத்திய அரசு அறிவித்தது. வாட்ச் அளவுக்கு அகலமான, தெளிவான வைரத் தகடு சாமானியர் விலைக்கு வருவது இப்போதைக்கு இல்லை. வந்தாலும் சிர்கோனியாவைவிட அதிகமாகப் பளபளத்து அதே வேலையைத்தான் காட்டும்.

கடையில் கவனிக்கவேண்டிய வார்த்தைகள்

'கிறிஸ்டல்' என்று எழுதியிருந்தால் அசர வேண்டாம். வாட்ச் தொழிலில் முகக் கண்ணாடிக்கே அதுதான் பெயர். மினரல் கிறிஸ்டல், அக்ரிலிக் கிறிஸ்டல் எல்லாமே உண்டு. டயலில் இருக்கும் 'குவார்ட்ஸ்' என்ற எழுத்துக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமே கிடையாது. அது உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் சின்னக் கல்லைக் குறிப்பது. 'சஃபையர் கோட்டட்' என்றால் மினரல் கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு. முழு சஃபையர் விலைக்கு அதை வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான். பில்லில் 'சஃபையர் கிறிஸ்டல்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது நம்பகமான சோதனை இல்லை. மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்கூட முடிவு மாறும். சஃபையர் வெப்பத்தைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும் என்பதால், உதட்டிலோ கன்னத்திலோ வைத்தால் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சியும் சட்டென்று போகாது. இது ஒரு குறிப்பு மட்டும்தான். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், நகைக்கடையில் கல்லைச் சோதிக்கும் வெப்பக் கருவி உதவும். ஆணியால் கீறிப் பார்க்கிறேன் பேர்வழி என்று யாராவது கிளம்பினால் வாட்ச்சைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

வயலிலும் ஆற்றிலும் கட்டட வேலையிலும் தினமும் கட்டும் வாட்ச் என்றால், சஃபையருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை. அடிக்கடி கீழே போடும் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் முகமே மேல். கண்ணாடி மாற்றும்போது நீர் புகாத ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கீறல் போய், ஆவி படியும் தொல்லை வரும்.

அப்பாவின் எச்.எம்.டி-க்கு சஃபையர் போடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அந்த வாட்ச்களின் முகம் லேசாகக் குவிந்த அக்ரிலிக். தட்டையான கண்ணாடியை அதில் திணித்தால் முள் உரசும், பழைய தோற்றமும் போய்விடும். அதே வடிவ அக்ரிலிக்கைக் கேட்டு வாங்கிப் போடுவதுதான் சரி. லேசான கீறல் என்றால் டூத் பேஸ்ட் போதும்.

தேய்த்து முடித்ததும், தெளிந்த கண்ணாடி வழியாக டயலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் '17 ஜுவல்ஸ்' என்று இருக்கும். உள்ளே சக்கர அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த 17 செயற்கை மாணிக்கங்கள் அவை. ஒவ்வொன்றும் குருந்தம்.